எழுபது கட்டு துணி

சலவை ஆலையில் அவளுக்கு வைத்த பெயர் பட்டாளத்தக்கா. பன்னிரண்டு வருஷம் ராணுவத்தில் சரக்குப் பிரிவில் இருந்துவிட்டு வந்து, ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுக்கும் இந்த ஆலையை எடுத்து நடத்துகிறாள். அங்கிருந்து அவள் கொண்டுவந்த பழக்கம் ஒன்று உண்டு. வேலை சொன்னால், அது எதற்கு என்பதைக் கேட்டவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். நிலைமை மாறும்போது உத்தரவு உதவாது, காரணம் தெரிந்தவன்தான் தப்பிப்பான் என்பது அவள் கட்சி. ஆட்களுக்கோ அது தினசரி ஒப்பிப்பு. மேற்பார்வை பார்க்கும் அவள் தம்பிக்கு அதைக் கண்டாலே ஆகாது.

புயலடித்த அன்று காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. துணிக் கிடங்கில் தண்ணீர் புகுந்துவிட்டது. ஒரு பேருந்து வேறு கவிழ்ந்து, அடிபட்டவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அறுவை அறைக்கு விரிக்கத் துணி இல்லை.

ஆலையிலும் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரில் இருந்த டீசல் நாலு மணி நேரத்துக்குத்தான் வரும். மேற்கொண்டு டீசல் பிடிக்க அவளே கிளம்பினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் பன்னெண்டு மணிக்குள்ள இருநூறு கட்டு போகணும்டா" என்றாள், போனில் பேசியதை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருந்த தம்பியிடம்.

"பன்னெண்டு மணிக்குள்ள இருநூறு கட்டு. சரிக்கா."

வேறு நாளாயிருந்தால் "கிளிப்பிள்ளை மாதிரி சொல்லாதே" என்று நிறுத்தி வைத்திருப்பாள். அன்று அவசரம். விட்டுவிட்டாள்.

போகிற வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. செல்போன் செத்துப்போனது. வரும்போது வண்டியைப் பாதியில் போட்டுவிட்டு, டீசல் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தாள். ஆலை வாசலுக்கு வந்தபோது மணி பத்தரை.

வாசலில் வேன் நின்றது. உள்ளே எழுபது கட்டு அடுக்கியிருந்தது. டிரைவர் ஸ்டியரிங் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

தம்பி வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். "ஒரு பாய்லர் மக்கர் பண்ணிடுச்சுக்கா. ஒன்பது மணிக்கே எழுபது ரெடி. இருநூறும் ஆகட்டும், ஒரே நடையா அனுப்பிடலாம்னு வச்சிருக்கேன்."

ஒன்றரை மணி நேரமாக எழுபது கட்டு துணி இங்கே சும்மா நிற்கிறது. நாக்கு நுனிவரை வந்த வசவை விழுங்கினாள். எண்ணிக்கையை மட்டும் கொடுத்துவிட்டுப் போனது யார்? அவள்தானே. சாவியைப் பிடுங்கி அவளே வேனை ஓட்டலாம். அடுத்த கோளாறு வந்தால் இவன் மறுபடியும் இப்படித்தான் நிற்பான்.

"இந்தத் துணி எதுக்குடா?"

"ஆபரேஷனுக்கு." சொல்லும்போதே அவன் முகம் வெளுத்தது. "ஆபரேஷன் நிக்கக் கூடாதுன்னு... ஐயோ அக்கா."

"இனிமே என்ன செய்யப்போறே, சொல்லு."

அவன் வேன் பக்கம் ஓடினான். டிரைவரை உலுக்கி எழுப்பி, தண்ணீர் ஏறாத மேட்டுச் சாலை வழியாக வேனை விரட்டினான். ஓட்டல் துணியை மிஷினிலிருந்து ஈரத்தோடு அள்ளித் தரையில் போட்டான். இஸ்திரி மேசைக்குப் போய், "தேய்க்க வேண்டாம், காஞ்சா போதும், அங்கே ஆவியில வச்சுச் சுத்தம் பண்ணிக்குவாங்க, மடிச்சுக் கட்டுங்க" என்றான். மடிப்புக் கலைந்த ஒரு துண்டைக்கூட வெளியே விடாதவள் அவள். பல்லைக் கடித்துக்கொண்டு டீசலை ஊற்றப் போனாள்.

பதினொன்றரைக்கு வேன் திரும்பி வந்ததும் அடுத்த அறுபது கட்டும் ஏறியது. அக்காவும் தம்பியும் அதே வேனில் போனார்கள்.

ஆஸ்பத்திரி அதிகாரி தாழ்வாரத்திலேயே பிடித்துக்கொண்டார். "கால் நசுங்கின பொண்ணு ஒண்ணு, துணியில்லாம ஒரு மணி நேரம் ஆபரேஷன் ரூமுக்கு வெளியே கிடந்துச்சு. இதுக்கு யார் பொறுப்பு?"

தம்பி வாயைத் திறந்தான். அவள் அவன் கையை அழுத்தினாள். "நான்தாங்க."

"நான்தானேக்கா நிறுத்தி வச்சேன்" என்றான் அவன், அதிகாரி போன பிறகு.

"நீ நிறுத்தினே. உனக்குப் புரிஞ்சுதான்னு பார்க்காமப் போனது நான். வா."

அறுவை அறைக்கு வெளியே பெஞ்சில் அந்தப் பெண்ணின் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே போய் நின்றாள். ராணுவத்தில் எத்தனையோ பேர் முன்னால் நின்றிருக்கிறாள், இவ்வளவு பயந்ததில்லை.

"துணி தாமதமானது எங்களாலதாங்க. சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. "கால் இருக்குமான்னு கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்கறாங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

அவளுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல அவளால் முடியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்பி நர்ஸிடம் போய் விசாரித்துவிட்டு வந்தான்.

"நீங்க இருங்கக்கா" என்றான். "உள்ள இன்னும் ஒன்பது பேர் இருக்காங்களாம், ஒருத்தருக்கே பத்துப் பதினஞ்சு கட்டு ஆகுதாம். ஒருத்தரும் துணிக்காகக் காத்திருக்கக் கூடாது. பத்துப் பத்தா ஆனாலும் அனுப்பிக்கிட்டே இருப்பேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கி ஓடினான்.