அரை அங்குலம் கூடுதல்

ஒன்பது வருஷமாக அந்த ராக்கெட் சங்கத்துக்குப் பாராசூட் தைத்துக் கொடுப்பவள் நான். அவர்கள் விடுகிற ராக்கெட் ஒவ்வொன்றும் என் தையலில் தொங்கிக்கொண்டுதான் இறங்கும். ஆனால் ஏவுகிற பொத்தானில் என் விரல் ஒருமுறைகூடப் பட்டதில்லை. உறுப்பினர் மட்டும்தான் தொடலாமாம். உறுப்பினராக, சோதனை நாளில் தானே செய்த ஒன்றைத் தானே பொத்தான் அழுத்தி ஏவிக் காட்ட வேண்டும், அது உடையாமல் தரைக்கு வர வேண்டும். அதைச் சோதிப்பவர் என் சொந்த அண்ணன். சட்டைப் பையில் எப்போதும் இரும்பு அளவுகோல் இருப்பதால் சங்கத்தில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர்.

நானும் ஏவப்போகிறேன் என்றதும், "நீ தையலைப் பாரும்மா, போதும்" என்றார். அந்தப் 'போதும்'தான் எனக்குச் சுருக்கென்றது. போதுமா இல்லையா என்று நானல்லவா சொல்ல வேண்டும்?

அன்றைக்கே இணையத்தில் ஒரு வரைபடத்தை இறக்கினேன். ராக்கெட்டாக மேலே போய், உச்சியில் மோட்டார்க் குழாயைக் கழற்றிவிட்டு, விமானம் போல் சறுக்கி இறங்குகிற கிளைடர். ஒன்பது தாளில் அச்செடுத்து ஒட்டி, என் தையல் கடையின் வெட்டுமேசையில் விரித்தேன். பால்சா மரத்தகடு காகிதமாட்டம் லேசு. கோடு பார்த்து வெட்ட எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

அங்கேதான் சொதப்பினேன். ஒட்டிக் காய்ந்த பிறகு வரைபடத்தின் மேல் வைத்தால், இறக்கை, வால், எல்லாமே சுற்றிலும் அரை அங்குலம் பெரிசு. துணியில் மடித்துத் தைக்க ஓரம் விட்டு வெட்டுவோமே, அதே கையோடு மரத்தையும் வெட்டியிருக்கிறேன். மரத்தை யார் மடிக்கப் போகிறார்கள்? தலையில் அடித்துக்கொண்டேன்.

திருத்தக் கத்தியை எடுத்தவள், எதற்கும் இருக்கட்டும் என்று கடைக்குப் பின்னால் புல்தரையில் வீசிப் பார்த்தேன். மூக்கைத் தூக்கி, தடுமாறி, பொத்தென்று விழுந்தது. மூக்கில் கொஞ்சம் களிமண் அப்பினேன். மறுபடி வீசினேன். ஒரு வாரம் இதே பிழைப்பு. கடைசி நாள் அது இறங்க மனமில்லாமல் வேலி வரைக்கும் போனது. கத்தியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

சோதனை நாளன்று மைதானத்தில், வரைபடத்தைப் பார்த்து இறக்கையில் அளவுகோலை வைத்ததும் அண்ணன் முகம் மாறியது.

"என்னம்மா இது, தையலுக்கு விட்டிருக்கியா?"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நான் தைத்த பாராசூட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

"ஆமா" என்றேன்.

"அளவுக்கு வெட்டிக் குடு, ஏவலாம். உன் மானத்தையாவது காப்பாத்தறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் மானத்தை நான் பாத்துக்கறேன். வரைபடம் மாதிரியே இருக்கணும்னு விதியில எங்க இருக்கு, காட்டுங்க."

விதித்தாளை முன்னும் பின்னும் புரட்டினார். அப்படி எதுவும் இல்லை. கையால் வீசினால் இருபது அடி நேராகப் போக வேண்டும், அவ்வளவுதான். வீசினேன். அறுபது அடி போனது. சிரிப்பு அடங்கியது.

பொத்தானை நானே அழுத்தினேன். பயமில்லை என்றால் பொய். சீறிக்கொண்டு ஏறியது. உச்சியில் குழாய் கழன்று தனியே இறங்க, கிளைடர் வட்டமடித்தது. ஒரு வட்டம், இன்னொரு வட்டம். வெயிலில் காய்ந்த தரையிலிருந்து எழும்பிய சூட்டுக்காற்று அந்த அகல இறக்கையைத் தாங்கிக்கொண்டது. இறங்க வேண்டியது ஏறியது. எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். புள்ளியாகி, பிறகு புள்ளியும் தெரியவில்லை.

அண்ணன் அட்டையில் செருகிய படிவத்தை வைத்துக்கொண்டு திணறினார். "தரைக்கு வரலையேம்மா. விதிப்படி..."

"விழுந்ததைப் பாத்தீங்களா?"

"இல்ல."

"உடைஞ்சதை?"

"இல்ல."

"அப்ப வர்ற வரைக்கும் நின்னு பாருங்க."

அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, உறுப்பினர் என்று போட்டிருந்த இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். அண்ணன் வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், நான் எழுதத் தோதாக அட்டையைப் பிடித்துக்கொண்டார்.