பட்டத்துக்குப் பிறகு வந்த சம்பளம்

அவர் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் கைகளுக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுப்பவர். மணிக்கட்டு முறிந்தவர்களும் பக்கவாதத்தில் பிடி தளர்ந்தவர்களும் பித்தான் போடவும் கரண்டி பிடிக்கவும் அவரிடம்தான் மறுபடி கற்றுக்கொண்டார்கள். நாற்பதை நெருங்கும்போது அவருக்கு முனைவர் பட்டத்தின் மேல் ஆசை வந்தது. அங்கே பாதி நேர வேலைக்கு மாறினார். மீதிப் பாதிக் குடும்பப் பாரத்தை மனைவி இழுத்தாள். அழகு நிலையம் வைத்து முடி வெட்டுபவள் அவள். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்தாள். பட்டம் வாங்கியதும் அவளுக்கு ஞாயிறு ஓய்வு என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒருவழியாகப் பட்டம் வந்தது. பள்ளிக்கூடம் போகும் மகள் அவரை ‘டாக்டரப்பா’ ஆக்கிவிட்டாள். அவர் பல்வலிக்கு மருந்து தருவாரா என்று எதிர்வீட்டுக்காரர் விசாரித்ததைச் சொல்லிச் சொல்லி மனைவி சிரித்தாள்.

முழு நேரத்துக்குத் திரும்பிய முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்ததும் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பட்டத்துக்கென்று கூடியிருந்தது யானைப் பசிக்குச் சோளப்பொரி. கணக்குப் பிரிவில் போய்க் கேட்டார். இங்கே சம்பளம் பதவியைப் பார்த்துத்தான், படிப்பைப் பார்த்தல்ல, மூத்தவர் யாராவது ஓய்வு பெற்றால் பார்க்கலாம் என்று அங்கிருந்த அம்மாள் தணிந்த குரலில் சொன்னார். மனைவியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தபடியே பேருந்தை விட்டுவிட்டு நடந்து வந்தார்.

அவள் அடுக்களையில் ஒரு பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு இடது கையால் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். சொல்ல வந்தது அவருக்கு மறந்துபோனது.

“கைய நீட்டு.”

வலது கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டை மெல்லச் சாய்த்தார். அவள் வலியில் பல்லைக் கடித்தாள்.

“கத்தரி பிடிச்சுப் பிடிச்சு வந்தது. எப்பலேருந்து இப்படி?”

“நீங்க ஆராய்ச்சி எழுதி முடிக்கிற நேரத்துல. அப்ப சொல்லியிருந்தா எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு எங்கூட உக்காந்திருப்பீங்க.”

ஊரார் கையையெல்லாம் பார்த்தவர் வீட்டுக் கையைப் பார்க்கவில்லை. அவர் பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்து வைத்தார். பிறகு சம்பளத்தைச் சொன்னார்.

“தெரியும். பேங்க் மெசேஜ் என் போனுக்குத்தானே வருது.”

“ஏமாத்தமா இருக்கா?”

“கொஞ்சம்,” என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. “ஆனா படிச்சது வீண்னு மட்டும் சொல்லிடாதீங்க, கோவம் வந்துடும். அதுல பாதி நான் படிச்சது.”

அந்த ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கவில்லை. வெந்நீரில் போட்டு இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை அவர் அவள் கட்டைவிரலோடு சேர்த்து மணிக்கட்டில் படியவைத்து, இறுகும்வரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“ஆறிடுச்சே, இன்னும் எதுக்குப் பிடிச்சிருக்கீங்க?” என்று அவள் கேட்டாள். அவர் விடவில்லை.

கையிருப்பு போதவில்லை. வீடு மாறும் யோசனையைத் தள்ளிப்போட்டார்கள். மாலையில் அவர் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கப் போனார். அந்தப் பட்டம் இல்லாவிட்டால் அங்கே உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். அடுத்த வருடம் மூத்தவர் ஒருவர் ஓய்வு பெற, அந்தப் பதவியும் கிடைத்தது. சம்பளம் கனவு கண்ட அளவு இல்லை, மூச்சுவிடப் போதுமானது. அதற்குள் அவள் கைவலி தணிந்திருந்தது. ஆனாலும் சாப்பாடு முடிந்ததும் அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்க்கும் பழக்கம் அவரிடம் தங்கிவிட்டது. அவள் தட்டுகளை அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கொடுப்பாள்.