அழுதால் சுருங்கும் தெரு

தெரு முதன்முதலாகச் சுருங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அதன் ஒரு கோடியில் லேத் பட்டறை. மறு கோடியில், கடைசி வீட்டில், மூன்று மாதக் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. பட்டறையில் இரும்பு கடைந்துகொண்டிருந்த தாய்மாமன் கதவைத் திறந்து வெளியே காலை வைத்தார். கால் பதிந்தது வீட்டு வாசற்படியில். இடையிலிருந்த கடைகளுக்கு ஒரு சேதாரமும் இல்லை. சவரக்கடைக்காரர் மட்டும் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். பிள்ளையைத் தூக்கியதும் தெரு பழையபடி நீண்டுவிட்டது. போவதற்குத்தான் இந்தச் சலுகை. திரும்பி வர முழுத் தெருவையும் நடந்தாக வேண்டும். பட்டறை முதலாளி கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு அடங்கினார்.

மாமன் ஒன்றும் பிள்ளைகளைக் கண்டால் உருகுகிற ஆசாமி அல்ல. தெருவில் அவருக்குப் பெயரே உம்மணாமூஞ்சி. பிரசவத்தோடு படுத்த தங்கை மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்க, அவள் புருஷன் கப்பல் வேலையில் கடலோடு போயிருக்க, பிள்ளை இவர் தலையில் விழுந்தது. பகலில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டாள். அழுகை அடங்காவிட்டால் மொட்டைமாடியில் ஏறிச் சிவப்புத் துண்டை வீசுவாள். இவர் கையில் கிரீஸோடு ஓடுவார். வெயிலென்றும் மழையென்றும் பாராமல் ஓடினார். அதற்குப் பிறகுதான் தெரு தானாக வர ஆரம்பித்தது.

தங்கை உடம்பு தேறி வந்தபோது, பிள்ளை அவளை முன்பின் தெரியாதவளைப் போலப் பார்த்தது. தூக்கினால் விறைத்தது. பட்டறைக்கு அடுத்திருந்த தையல் கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளை அழுதால் அண்ணன் கதவுக்கு வெளியே வீடு வந்து நிற்கும். அவள் கதவுக்கு வெளியே வெறும் தெரு, நீளமாக. தன் கதவு வழியாகவே வரலாமே என்று அண்ணன் கூப்பிட்டார். பெற்ற பிள்ளையிடம் போக இரவல் கதவா என்று அவள் மறுத்துவிட்டாள்.

"நான்தானே பெத்தேன்? தெருவுக்கு உன்னத்தான் தெரியுது. நான் என்னண்ணா குறை வெச்சேன்?"

"குறையெல்லாம் இல்ல. எனக்கும் மொதல்ல தெரு வரல. ஓடினேன், அவ்வளவுதான்."

அவளும் ஓடினாள். சிவப்புத் துண்டைக் கண்டதும் தைத்தது தைத்தபடி கிடக்க ஓடினாள்; கடைக்காரர்கள் வெளியே நீட்டியிருந்த பலகைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அண்ணன் எப்போதும் முன்னால் போய்ச் சேர்ந்திருப்பார். ஆனால் இப்போதெல்லாம் பிள்ளையைத் தூக்கிய கையோடு வாசலில் நின்று, அதன் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி, "உங்கம்மா ஓடி வர்றா பாரு" என்பார். பிள்ளை பார்த்தது. சில நாள் அவள் கைக்கு வந்தும் அழுதது. எது பசி அழுகை, எது தூக்க அழுகை என்று அவளுக்குப் புரியப் புரிய, அழுகை சீக்கிரம் ஓய்ந்தது.

ஒருநாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது அழுகை காதோடு கேட்டது. துண்டு இன்னும் வீசப்படவில்லை. கதவைத் திறந்தாள். எதிரே வாசற்படி, உடைந்த மூலையோடு. இத்தனை வீடும் கடையும் மரமும் ஒரு பச்சைப் பிள்ளையின் குரலுக்கு ஒதுங்கி வழி விட்டிருந்தன. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கும்பிடத் தோன்றியது, யாரை என்று தெரியவில்லை. காலை எடுத்து வைத்தாள். அதே நொடி பட்டறைக் கதவு வழியாக அண்ணனும் காலை வைக்க, இருவர் தலையும் முட்டிக்கொண்டன. தெரு இனித் தனக்கு வராதோ என்று அவர் பயந்திருந்ததை அவர் முகத்தில் அப்போதுதான் கண்டாள். பிள்ளை அவள் தோளுக்குத் தாவியது. போகிற போக்கில் மாமன் காதையும் பிடித்துக்கொண்டது.

அடுத்த வருஷம் கப்பல்காரர் பெட்டியைச் சுமந்தபடி வந்து, தெரு இவ்வளவு நீளமா என்று அலுத்துக்கொண்டார். உங்களுக்கு நீளந்தான் என்றார் சவரக்கடைக்காரர், தலையைத் தூக்காமலே. அப்பாவைப் பார்த்ததும் பிள்ளை அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. செய்ய வேண்டியதை மனைவி அன்றே சொல்லிக் கொடுத்தாள். மறுநாள் அவர் தெருமுனையில் நின்றிருந்தபோது, மொட்டைமாடியில் அவருக்காகவே சிவப்புத் துண்டு அசைந்தது. அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.