நெரிமான் ஹானிமின் மஹர்

செத்துக் கிடந்த கணவனின் மையத்துக்கு முன்னால் நின்று நெரிமான் ஹானிம் தன் மஹரைக் கேட்ட அன்று, திண்டுக்கல் பேகம்பூர்த் தோல் வியாபாரி ஜெகபர் அலியைக் கிடத்தியிருந்த சந்தூக்கை யாராலும் தரையிலிருந்து தூக்க முடியவில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தோல் கட்டுகளைச் சுமந்து பழகிய ஆட்கள் முதலில் நாலு பேர், பிறகு எட்டுப் பேர், பிறகு கை வைக்க இடம் இருந்தவரை எல்லோரும் பிடித்துப் பார்த்தார்கள். பெட்டி அசையவில்லை. 1964-ஆம் வருஷம், பங்குனி வெயிலில் இது நடந்தது.

அந்த ஊரில் பெண்கள் மஹரைக் கேட்பதில்லை. நிக்காஹ் அன்று மாப்பிள்ளை இன்னது தருகிறேன் என்பான், சபை கேட்டுக்கொள்ளும், அதோடு சரி. அவன் செத்த பிறகு, முகத்தை மூடுவதற்கு முன் பெண்டாட்டியை அழைத்துவந்து, மஹரை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வைப்பார்கள். பாக்கியோடு மண்ணுக்குள் போகக் கூடாதாம். மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லலாம் என்பதே ஒருத்திக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள்.

நெரிமான் இஸ்தான்புல்காரி; ஹானிம் என்பது அங்கே பெண்களை மரியாதையாக அழைக்கிற சொல். அங்கே உஸ்குதார் படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக்கொடுத்தவரின் மகள், அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள். இசைப்பள்ளியில் மகாம் படித்தாள். மகாம் நம் ராகத்துக்கு அக்கா முறை. ஆனால் நம் ஆர்மோனியத்தில் கட்டையே இல்லாத இடங்களில் போய் நிற்கும். அந்த இடங்களில் மூச்சுத் திணறாமல் நிற்கத் தெரிந்தவள் என்று பெயர் வாங்கி, இருபது வயதில் ரேடியோவில் பாடினாள். இசைத்தட்டு வந்தது. அவள் மேடையேறினால் கானூன் என்கிற தந்தி வாத்தியம் வாசிக்கிற கிழவர்கள் எழுந்து நின்றார்கள். ஆட்டுத்தோல் விற்கக் கப்பலேறிப் போன ஜெகபர் அலி ஒரு கச்சேரியில் அவளைக் கேட்டுவிட்டு, வந்த வியாபாரத்தை மறந்து, மறு கச்சேரிக்கும் போனார். நிக்காஹ்வில் மஹர் என்ன வேண்டும் என்று இமாம் கேட்டபோது அவள் தங்கம் கேட்கவில்லை. போகிற ஊரில், ஜனங்களுக்கு முன்னால், முகம் தெரிய, என் பெயரைச் சொல்லி ஒரு கச்சேரி என்றாள். அவர் சம்மதித்தார். 1952-இல் ஊர் திரும்பி, விருந்தில் பிரியாணிச் சட்டியைத் திறந்தபடி அதைச் சொல்லிச் சிரித்தார். பந்தி முழுக்கச் சிரித்தது. ஆக, அவளுடைய மஹர் என்னவென்று ஊருக்கே தெரியும். அன்றைக்கே நாத்தனார் குர்ஷித் பேகம் அவளைத் தனியே அழைத்து, வேறு எது வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று சொல்லிவைத்தாள்.

வந்த வாரம் மொட்டைமாடியில் தலை உலர்த்திக்கொண்டே அவள் ஒரு பாட்டை லேசாக இழுத்தாள். தெருவில் இருந்த பூட்டெல்லாம் திறந்துகொண்டது. நாகல் நகரிலிருந்து பூட்டுக்காரர் மலைச்சாமி, திறந்த மாங்காய்ப் பூட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஜெகபர் அலியைத் தேடி வந்தார்.

“பூட்டைக் குத்தம் சொல்லாதீக பாய். எட்டு லீவர் போட்டது. அக்கா ஒரு இழுப்பு இழுத்துச்சு, வாயைப் பொளந்துருச்சு.”

அவள் குரலுக்குத் திறக்காத பூட்டு ஒன்றைச் செய்துவிட அவர் இரண்டு வருஷம் பாடுபட்டார்; முடியவில்லை. அன்று தெருவே திறந்து கிடந்தும் ஒரு வீட்டில்கூட ஒரு கரண்டி களவு போகவில்லை. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. திண்டுக்கல் பூட்டை ஒரு பொம்பளையின் தொண்டை திறக்கிறது என்று வெளியூரில் தெரிந்தால் என்ன ஆவது என்று ஜமாஅத் கூடிப் பேசி, அவள் பாடக் கூடாது என்று முடிவு செய்தது. ஜெகபர் அலி தலையாட்டிவிட்டு வந்தார். அடுத்த ரம்ஜான் போகட்டும், கச்சேரி வைக்கலாம் என்று அவளிடம் சொன்னார். அதற்கடுத்த ரம்ஜானும் போனது. அவள் தமிழ் பழகினாள், சோற்றுக்கு வெஞ்சனம் வைக்கப் பழகினாள், தொண்டைக்கு வந்த பாட்டை விழுங்கப் பழகினாள். விழுங்கியதெல்லாம் அவர் மேல் எடையாக ஏறியது. சாப்பாடு குறைந்தது, எடை கூடியது. ஒற்றைக் குதிரை ஜட்காக்காரர்கள் அவரைக் கண்டால் சந்துக்குள் திரும்பினார்கள். கடைசி வருஷம் அவர் நடந்த இடத்தில் தரை அமுங்கியது. மோசமான மனுஷன் இல்லை. அவளுக்காக மதுரையிலிருந்து பெரிய ரேடியோ வாங்கிவந்தவர். தன் எடைக்குக் காரணம் என்னவென்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. படுத்த படுக்கையில், “நான் போனப்பறம் அதைக் கேட்டுறாத நெரிமான், மானம் போயிரும்” என்றுதான் சொன்னார். பாடு என்று சொல்ல அப்போதும் அவருக்கு வாய் வரவில்லை.

இப்போது சந்தூக் அசையாமல் கிடக்க, பிற்பகல் அஸர் தொழுகையும் முடிந்துவிட்டது. இருட்டுவதற்குள் அடக்கியாக வேண்டும்.

“ஒரு வார்த்தை மதினி” என்று அழுதாள் குர்ஷித். “சொல்லிட்டா எங்கண்ணன் நிம்மதியாப் போவான்.”

“நான் மன்னிக்கல, குர்ஷித். எனக்கு வேணும்.”

ஜமாஅத் தலைவர் அப்துல் சுக்கூர் தாடியைத் தடவிக்கொண்டு ஒரு வழி சொன்னார். “உள் ரூம்ல, கதவைச் சாத்திக்கிட்டு, மெதுவாப் பாடிரும்மா. நாங்க கேட்டதா வச்சுக்கிறோம்.”

“அப்ப தூக்குனதாவும் வச்சுக்கங்க மாமா.”

வாசலில் நின்றவர்களில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். சந்தூக்கின் கால்கள் தரைக்குள் இன்னும் ஒரு விரல் இறங்கின. இறங்கியதை அப்துல் சுக்கூர் பார்த்தார். பிறகு தெருவுக்குப் போய், தொண்டையைச் செருமி, “நெரிமான் ஹானிம் பாடுறாங்க” என்று சொன்னார். சின்னக் குரலில்தான் சொன்னார், ஆனாலும் பெயரைச் சொல்லிவிட்டார்.

குர்ஷித் நிலைப்படியை மறித்து நின்றாள். புருஷனைப் பறிகொடுத்தவள் இத்தா முடிகிறவரை நாலு மாதமும் பத்து நாளும் படி தாண்டக் கூடாது. “தாண்டுனா திரும்பி வர முடியாது மதினி.”

“வரப்போறதில்ல” என்றாள் நெரிமான். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து நாத்தனார் உள்ளங்கையில் வைத்து மூடினாள். குர்ஷித் அந்தக் கையைப் பார்த்தபடியே கொஞ்சம் விலகினாள்.

தெருவில் நின்று, முக்காடு நெற்றிக்கு மேல் இருக்க, அவள் பாடினாள். பேகம்பூரில் தொடங்கி நாகல் நகர் வரைக்கும் பூட்டுகள் திறந்தன. தோல் கிட்டங்கிகள் திறந்தன. பல வருஷமாகச் சாவி தொலைந்திருந்த பெட்டிகளும் திறந்தன. பாட்டு முடிகிற இடத்தில் சந்தூக் தரையைவிட்டு எழும்பி, தோள் உயரத்தில் நின்றது. நாலு பேர் குனியாமலே தோள் கொடுத்தார்கள். மல்லிகைக் கூடை கனம்கூட இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

அந்த வருஷம் பூட்டு விலை குறையவில்லை. பிறகு அவள் மறுபடி ரேடியோவில் பாடினாள்; அவள் பெயரைச் சொல்லும் சாயங்காலங்களில் திண்டுக்கல்லில் இப்போதும் கதவுக்குக் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். அதற்கென்று மலைச்சாமியே கடையில் கயிறும் விற்றார்.

அன்று ஆண்கள் கலிமா சொல்லிக்கொண்டு, அடக்கம் செய்ய மையவாடிப் பக்கம் திரும்பினார்கள். நெரிமான் ஹானிம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பி, அடுத்த பாட்டைத் தொடங்கியபடி, திறந்து கிடந்த வீடுகளுக்கு நடுவே நடந்து போனாள்.