கயிறு நிற்க ஒரு வசனம்

"கடல் அன்று இரத்த நிறத்தில் இருந்தது" என்று என் புதுக்கதையின் முதல் வசனத்தை வாசித்தேன். இராசேஸ்வரி கிணற்றுக் கயிற்றை இழுத்துக்கொண்டேயிருந்தாள்.

நெடுந்தீவில் எங்கள் பக்கம் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் என் கிணற்றில் மட்டும்தான். முன்பெல்லாம் விடியமுன்னமே குடங்கள் வரிசைக்கு வந்துவிடும். நாட்டுப் பிரச்சினை, சண்டை தொடங்கியபிறகு ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு வள்ளமேறினார்கள். எண்பத்தொன்பதில் மிஞ்சியது அடுத்த வளவு இராசேஸ்வரியும் அவளுடைய பிள்ளைகளும்தான். தண்ணீருக்கு வந்த அந்தப் பாவியைப் பிடித்து நான் என் வாசகி ஆக்கினேன். முதல் வசனத்தைக் கேட்டதும் கயிறு இழுக்கிற அவள் கை நிற்க வேண்டும். நின்றால்தான் மிச்சக் கதையை எழுதுவது என்று எனக்குள் ஒரு பிடிவாதம். கொலை வைத்துப் பார்த்தேன், புயல் வைத்துப் பார்த்தேன், கலியாண வீட்டில் மாப்பிள்ளையைக் காணாமல் போக்கினேன். அவள் கை நின்றதேயில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"என்ன, பிடிக்கேல்லையோ?"

"நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா எங்கட கடல் ஒருநாளும் அப்பிடி இருக்கேல்லையே."

தாளைக் கசக்கினேன். அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"நாளைக்கு நாங்களும் வெளிக்கிடுறம். கனடாவுக்கு வரச்சொல்லி அண்ணை ஒழுங்கு பண்ணிப்போட்டார்."

"பயணம் சொல்ல இப்பதான் நேரம் கிடைச்சதோ உமக்கு?"

"சொல்ல ஏலாமப் போச்சு அக்கா."

கோபமாகத்தான் திரும்பினேன். நாலு அடி போகமுன் அழுகை வந்துவிட்டது. இந்த வளவில் நான் இனி யாரோடு கதைப்பது? பின்னால் அவள் அடுத்த வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது. கையில் தாளில்லை. யோசிக்கவுமில்லை. திரும்பி நின்று சொன்னேன்:

"அடுத்த நாள் அந்தக் கிணற்றடிக்கு ஒருவரும் வரவில்லை."

கயிறு நின்றது. பாதிக் கிணற்றில் தொங்கிய வாளியிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பிறகு?" என்றாள்.

எத்தனை காலம் அந்த ஒரு சொல்லுக்காகக் கிடந்தேன்.

"தெரியேல்லை, இராசேஸ்."

அவள் கயிற்றைத் தூணில் சுற்றினாள். உடுப்புத் தோய்க்கிற கல்லில் போய்க் குந்தி, கன்னத்தில் கை வைத்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.