கடைமடைக்கு வராத தண்ணீர்

எருத்தேன்பதியில் கிழக்கு வாய்க்கால் தண்ணீர் ஆள் பார்த்து நிற்கத் தொடங்கியது ஒரு வியாழக்கிழமை. அன்று தக்காளி விலையும் இறங்கியிருந்ததால் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. மடை திறந்திருந்தும், மதகுகளை ஓட்டும் கம்பெனிக்குச் சந்தா கட்டாதவர் வெள்ளாமைக் காட்டுக்கு முன்னால் தண்ணீர் முழங்கால் உயரத்துக்குச் சுவராக நின்றது. கையை விட்டால் நனைந்தது. உள்ளே மட்டும் வரவில்லை.

இதற்கு மூலகாரணம் ஈஸ்வரமூர்த்தி. யாருக்கு எப்போது முறைத் தண்ணீர் என்று கணக்குப் போட்டு மதகைத் திறந்து மூடும் கம்ப்யூட்டர் நிரலை எழுதி, ஊருக்குச் சும்மா கொடுத்தவர். அதை வெளியிடும்போதே வீட்டில் தகராறு. மனைவி சிவசங்கரி பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவள். "ஏனுங்க, சுதந்திர மென்பொருள் உரிமம் போடுங்க. வாங்கி மாத்துறவன் அதையும் எல்லாருக்கும் தொறந்தே குடுக்கோணும்" என்றாள். அவரோ திறந்த மூல உரிமங்களிலேயே ஆகச் சின்னதை எடுத்தார்: என் பெயரை மட்டும் விட்டுவையுங்கள், மற்றபடி என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். "தண்ணி பாய்ச்சி முடிச்சவன் கீழ்க்காட்டுக்கு மடையைத் தொறந்து உடோணும்னு ஆராச்சும் எழுதியா வெச்சுருக்கறாங்க? தெரிஞ்சதுதான புள்ள" என்றார். பாவி மனுஷன், ஊர் வழக்கத்தை உலக வழக்கமென்று நம்பிவிட்டார்.

ஒரு கம்பெனி அதை எடுத்து, நாலு வசதி சேர்த்து, பூட்டி, மதகுகளுக்கெல்லாம் விற்றது. பெயரை மட்டும் சொன்னபடி விட்டுவைத்தது. தண்ணீர் நின்ற இடத்திலெல்லாம் அதன்மேல் 'எழுதியவர்: ஈஸ்வரமூர்த்தி' என்று மிதந்தது. தான் எழுதியதற்கே சந்தா கட்டமாட்டேன் என்று அவர் உட்கார்ந்துவிட, அவருடைய கடலைக்காடு முதலில் காய்ந்தது. பழைய நிரலை ஓட்டிப் பார்த்தார், தண்ணீர் மதிக்கவில்லை.

எழுதியவர் இறந்து அறுபது வருடம் போனால்தான் எழுதியது எல்லாருக்கும் பொது, இப்போதைக்குச் சட்டம் அப்படி, திருத்தச் சொல்லி மனுப் போடுங்கள் என்றார் சித்தூர் வக்கீல். போட்டார்கள். அந்த அறுபது இன்னும் தொடங்கவே இல்லை என்பது பிறகுதான் ஊருக்கு உறைத்தது. எல்லாரும் ஈஸ்வரமூர்த்தியை அன்பாக நலம் விசாரிக்கத் தொடங்கினார்கள். தன் காடும் காய்ந்துபோன கீழ்க்காட்டு அருள்குமார் தினமும் வந்தான்.

"ஒடம்பு எப்படி இருக்குதுங்கண்ணா?"

"சீக்கிரம் பாத்துக்கலாம் தம்பி" என்பார் அவர்.

சட்டம் திருந்தவில்லை. மாசியில் ஈஸ்வரமூர்த்தி செத்துப்போனார். எடுக்கிற அன்று தண்ணீர் வாய்க்காலை விட்டு ஏறி வாசல்வரை வந்து, கொஞ்ச நேரம் நின்று, திரும்பிப் போனது. சிவசங்கரிக்கு அதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது. அவர் இருந்தவரை வராத தண்ணீர்மேல் அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

காட்டில் பனங்கொட்டை ஊன்றியிருக்கிறாள். அங்கே அடுத்த காட்டுக்குத் தண்ணீர் விடும் கீழ்மடை எப்போதும் திறந்தே கிடக்கிறது.

"தண்ணியே வராத காட்டுல கீழ்மடை எதுக்குங்கக்கா?" என்று அருள்குமார் கேட்டான்.

"வர்றப்ப உன்ற பேரன் காட்டுக்கும் போகோணுமல்ல" என்றாள்.

மறுநாள் அவன் மண்வெட்டியோடு வந்து, தன் காட்டின் கீழ்மடையையும் வெட்டித் திறந்துவிட்டுப் போனான்.