சாட்டின் வழுக்கும் கை

அந்தத் தையற்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் வேலை தொடங்குமுன், மேற்பார்வையாளர் அம்மையார் ஒவ்வொருவருடைய உள்ளங்கையிலும் வழவழப்பான சாட்டின் துணித் துண்டு ஒன்றை விரித்து, மெல்ல இழுத்துப் பார்ப்பார். துணி வழுக்கிக்கொண்டு வந்தால், அந்தக் கைக்குரியவருக்குச் சாட்டின் உடுப்புகள் தைக்கும் மேசை. இழை எங்கேனும் சிக்கினால், கித்தான் பைகள் தைக்கும் பின்னறை.

சாட்டின் மேசையில் நல்ல பெயர் எடுத்திருந்த தையற்காரர் ஒருவருக்குக் குளிர்காலம் தொடங்கியதும் கைத்தோல் வறண்டு, வெடித்து, உப்புத்தாள் போலாகிவிட்டது. ஒரு திங்கட்கிழமைச் சோதனையில் துணி அவர் விரலில் சிக்கியது.

"இந்த வாரம் விடுறேன்மா. அடுத்த திங்கள் இப்படியே இருந்தா பைதான் தைக்கணும்," என்றார் மேற்பார்வையாளர்.

அவர் கடிந்துகொள்ளவில்லை. அதுவே தையற்காரரை அதிகம் அச்சுறுத்தியது. கித்தானின் தடித்த ஊசிக்குப் பழகிய விரல் மறுபடி மெல்லிய தையலுக்குத் திரும்பியதை அங்கே யாரும் கண்டதில்லை.

சட்டைக் கழுத்தில் எப்போதும் குண்டூசிகளைச் செருகியிருப்பதால் 'குண்டூசி அக்கா' என்று அழைக்கப்பட்ட பக்கத்து இருக்கைக்காரர், ரோஜா மணம் கொண்ட லோஷன் ஒன்றைப் பரிந்துரைத்தார். அதன் விலை கையைக் கடித்தது. குழாயோ கட்டைவிரல் அளவுதான் இருந்தது. அது தீர்ந்தபோது கை மணத்தது. மற்றபடி மாற்றம் ஏதுமில்லை.

அடுத்து அவர் மருந்துக்கடைக்குச் சென்றார். கடைக்காரர் குனிந்து, அடித்தட்டிலிருந்து ஒரு பெரிய வெள்ளைப் பாட்டிலை எடுத்து வைத்தார்.

"வாசனை கிடையாது. கிளிசரின் நிறைய இருக்கு. விலையும் கம்மி."

"நல்லதுன்னா ஏங்க கீழ ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"பார்க்க லட்சணமா இல்லையேம்மா. மேல வச்சா கடைக்கு அழகு போயிடும்."

அதுவும் உடனே பலன் தரவில்லை. ஈரக்கை பட்டால் சாட்டினில் தடம் விழும் என்பதால், தையற்காரர்கள் விரலிடுக்கைக்கூட ஈரமாக விடுவதில்லை. அவரும் வீட்டில் கையைக் கழுவி, துவாலையால் அழுத்தித் துடைத்து, மின்விசிறியின் கீழே காட்டி, நன்றாகக் காய்ந்த பிறகே லோஷனைத் தடவினார். அது சுண்ணாம்புப் பூச்சைப் போல மேலாகவே நின்றது.

வியாழக்கிழமை மாலை நாத்தனார் தானாகவே வந்து நின்றாள்.

"அண்ணி, திட்டக்கூடாது. உங்க லோஷன்ல பாதியைக் காணோம்."

"காணாமப் போகலை, உன் மேல இருக்கு," என்று அவள் கையைப் பிடித்தவர், பிடித்த பிடியை விடவில்லை. முழங்கை வரை தோல் அவ்வளவு மென்மையாக இருந்தது. "எப்படிடி பூசினே?"

"குளிச்சுட்டுத் துவட்ட சோம்பலா இருந்துச்சு. ஈரத்தோடயே பூசிக்கிட்டேன்."

"உன் சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு வாழ்வா!"

அன்றிரவே அவர் கையைக் கழுவி, நீரை உதறிவிட்டு, ஈரத்தின் மேலேயே லோஷனைத் தடவினார். ஏதோ தவறு செய்வதைப்போல அவர் மனம் கூசியது. பிறகு பருத்திக் காலுறைகளைக் கையில் மாட்டிக்கொண்டார்.

"எங்க, தலைகீழா நடக்கப் போறியா?" என்று கணவர் கேட்டார்.

"திங்கட்கிழமை வரைக்கும் என்கிட்ட வாயைக் கொடுக்காதீங்க," என்றார் அவர்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் துணியை இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு வந்தது. இடக்கையிலும் அப்படியே. அவர் நம்பாமல், இன்னும் மெல்லிய துண்டொன்றைத் தருவித்து மறுபடி இழுத்தார். அதுவும் எங்கும் சிக்கவில்லை.

"உட்காருங்க," என்றார்.

தையற்காரர் அமர்ந்து ஊசியில் நூல் கோத்தார்.

"என்னடி பூசினே? என் கையும் இப்பல்லாம் சொரசொரங்குது," என்றார் குண்டூசி அக்கா. தையற்காரர் பாட்டிலைப் பற்றியும் ஈரத்தைப் பற்றியும் எடுத்துரைத்தார். அக்கா அன்று மாலையே மருந்துக்கடைக்குச் சென்றார்.

சில நாள் கழித்து அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"உன் லோஷன் சுத்த தண்டம். ஒன்னும் கேட்கலை."

"ஈரத்தோடதானே பூசினீங்க அக்கா?"

"சீ, ஈரக்கையோடயா? நல்லா துடைச்சு, காய வச்சு, அப்புறம்தான்!"

தையற்காரர் மடியிலிருந்த சாட்டினை மடித்து வைத்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துச் சென்றார்.